வீட்டில் செய்த சார்ஜிங் பெட்டி: எந்த அறிகுறிக்கு எங்கே பார்ப்பது

நாலு போன், ஒரு டேப்லட், இயர்பட்ஸ், டிரிம்மர் என்று வீட்டில் சேர்ந்துவிட்டால் பிளக் பாயிண்ட் எத்தனை இருந்தாலும் போதாது. அதற்காகக் குறைந்த செலவில் செய்துகொள்ளும் பெட்டி பெரும்பாலும் ஒரே அமைப்புதான். சிசிடிவி கேமராவுக்கும் எல்இடி ஸ்ட்ரிப்புக்கும் போடுகிற, சல்லடைத் தகடு மூடிய 12 வோல்ட் 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (வீட்டு 230 வோல்ட் கரண்ட்டை 12 வோல்ட் டிசியாக மாற்றும் பவர் சப்ளை) ஒன்று. அந்த 12 வோல்ட்டை 5 வோல்ட்டுக்கு இறக்கும் எக்ஸ்எல்4015 ஸ்டெப்-டவுன் போர்டு ஆறு. போர்டுக்கு ஒன்றாக ஆறு யூஎஸ்பி சாக்கெட். எல்லாவற்றையும் உள்ளே வைக்க 9 மி.மீ. பிளைவுட் பெட்டி. சென்னை ரிச்சி தெருவில் அரை நாள் சுற்றினால் மொத்தமும் கிடைத்துவிடும்.

இந்தக் குறிப்பு அந்தப் பெட்டிக்கானது. எல்எம்2596 போர்டு போட்டிருந்தாலும் பொருந்தும். ஆனால் அந்தச் சின்ன போர்டில் 3 ஆம்பியர் என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். ஹீட் சிங்க் இல்லாமல் ஒன்றரை ஆம்பியரைத் தாண்டினாலே கை வைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கும்.

பழுது பார்க்க மூன்று சாமான்கள் வேண்டும். ஒரு மல்டிமீட்டர். சாக்கெட்டுக்கும் கேபிளுக்கும் நடுவில் செருகினால் வோல்ட்டும் ஆம்பியரும் காட்டுகிற சின்ன யூஎஸ்பி மீட்டர். மூன்றாவது, கார் இண்டிகேட்டருக்குப் போடும் 12 வோல்ட் 21 வாட் பல்பு இரண்டு. இந்தப் பல்பு 5 வோல்ட்டில் மங்கலாக எரிந்து சுமார் ஒரு ஆம்பியர் இழுக்கும். இரண்டைப் பக்கத்துப் பக்கமாக (பேரலலாக) இணைத்தால் இரண்டு ஆம்பியர். போனைப் பலிகொடுக்காமல் லோடு போட்டுப் பார்க்க இதைவிட மலிவான வழி இல்லை. லோடு இல்லாமல் எந்தப் போர்டும் 5.1 காட்டும். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

பெட்டியைத் திறக்குமுன் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்கி ஐந்து நிமிடம் விடுங்கள். எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும். சல்லடை மூடியைக் கழற்றிப் பழுது பார்ப்பது இந்தக் குறிப்பில் இல்லை. எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று தெரிந்தால் வேறு வாங்கிப் போடுங்கள்.

எதுவுமே எரியவில்லை

முதலில் பிளக் பாயிண்டிலேயே வேறு ஏதாவது செருகிப் பாருங்கள். அது சரி என்றால், எஸ்எம்பிஎஸ் டெர்மினலில் திருகுக்கு அடியில் வயரின் செம்புதான் இருக்கிறதா, அல்லது உரிக்காத உறையைப் பிடித்துத் திருகியிருக்கிறதா என்று பாருங்கள். புதுப் பெட்டி உயிர் வராததற்குப் பெரும்பாலும் இந்தத் திருகுதான் காரணம். உள்ளே வரும் வயர் 0.75 சதுர மி.மீ. மூன்று கோர் ஃப்ளெக்ஸிபிளாக இருக்கட்டும்; கடையில் "பாயிண்ட் செவன் ஃபைவ் த்ரீ கோர்" என்றால் கொடுப்பார்கள்.

வயர் சரியாக இருந்தும் எஸ்எம்பிஎஸ்ஸில் உள்ள பச்சை விளக்கு வரவில்லை என்றால் 12 வோல்ட் பக்கம் போகும் எல்லா வயரையும் கழற்றிவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். விளக்கு வந்தால் எஸ்எம்பிஎஸ் நல்லது. வெளியே எங்கோ ஷார்ட். ஒவ்வொரு போர்டாகத் திரும்ப இணைத்துக்கொண்டே வாருங்கள். எந்தப் போர்டை இணைத்ததும் விளக்கு அணைகிறதோ, ஆள் அதுதான்.

சில எஸ்எம்பிஎஸ்களில் பக்கவாட்டு ஓட்டை வழியாக 115, 230 என்று ஒரு சின்ன சிவப்பு சுவிட்ச் தெரியும். முதல் தடவை கரண்ட் கொடுக்குமுன்பே அது 230இல் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். 115இல் வைத்து நம் ஊர் கரண்ட்டைக் கொடுத்தால், 200 வோல்ட் தாங்கும் கெபாசிட்டர் ஒவ்வொன்றின் மேலும் 325 வோல்ட் ஏறும். பட்டாசு மாதிரி வெடிக்கும். அதற்குப் பிறகு பழுது பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

விளக்கு விட்டு விட்டு எரிகிறது, "டிக் டிக்" என்கிறது

ஒரே சீராக, நொடிக்கு ஒரு தடவை போல டிக் என்றால் எஸ்எம்பிஎஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்து அணைந்து முயற்சி செய்கிறது என்று அர்த்தம். காரணம் ஷார்ட், அல்லது அளவுக்கு மீறிய லோடு. கணக்கு இதுதான்: ஆறு சாக்கெட்டும் தலா 5.1 வோல்ட் 2 ஆம்பியர் கொடுத்தால் 61 வாட். போர்டில் வீணாவதையும் சேர்த்தால் 12 வோல்ட் பக்கம் சுமார் 70 வாட், அதாவது 6 ஆம்பியர் போகும். 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு இது நிம்மதியான லோடு. விலை குறைவு என்று 5 ஆம்பியர் வாங்கியிருந்தால் ஆறாவது போனைச் செருகும்போது டிக் ஆரம்பிக்கலாம்.

கொசு ரீங்காரம் மாதிரி மெல்லிய சத்தம், அதுவும் ஒரே ஒரு இயர்பட்ஸ் மட்டும் செருகியிருக்கும்போது வருகிறது என்றால் அது பழுது இல்லை. லோடு மிகக் குறைவாக இருக்கும்போது எஸ்எம்பிஎஸ் விட்டு விட்டு வேலை செய்யும். அதன் சுருள் பாடுகிற சத்தம் அது.

போனில் "மெதுவாக சார்ஜ் ஆகிறது" என்று வருகிறது

அதிகம் வரும் புகார் இதுதான். போர்டு மட்டம் என்று தூக்கிப் போட்டுவிட்டு விலை கூடிய போர்டு வாங்குவார்கள், அதிலும் அதே கதை நடக்கும். போர்டில் குறை இருப்பது அபூர்வம். பேட்டரி 50 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போது, திரையை அணைத்துவிட்டுச் சோதியுங்கள். 80க்கு மேல் எந்தப் போனும் தானாகவே குறைத்துக்கொள்ளும். யூஎஸ்பி மீட்டரைச் சாக்கெட்டில் செருகி, அதில் கேபிளைப் போட்டு, இரண்டு எண்களையும் சேர்த்துப் படியுங்கள்.

வோல்ட் 5.1இல் அசையாமல் நிற்கிறது, ஆம்பியர் மட்டும் 0.45, 0.5 என்று தாண்ட மறுக்கிறது. இது டேட்டா கால் பிரச்சினை. சாக்கெட்டில் நாலு கால்: ஓரத்தில் ஒன்று பிளஸ், மறு ஓரத்தில் ஒன்று மைனஸ், நடுவில் இரண்டு டேட்டா. நடுவில் உள்ள இரண்டையும் சும்மா விட்டுவிட்டால், தன்னைக் கம்ப்யூட்டரில் செருகியிருக்கிறார்கள் என்று போன் நினைத்துக்கொண்டு அரை ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளும். அந்தக் கதியில் 5000 எம்ஏஎச் பேட்டரி நிரம்ப ஒன்பது மணி நேரம் பிடிக்கும். வைத்தியம் ஒரு சொட்டு ஈயம்: நடுக்கால் இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்து சால்டர் செய்யுங்கள். பிளஸ்ஸோடும் சேர்க்காதீர்கள், மைனஸோடும் சேர்க்காதீர்கள், அவை இரண்டும் தங்களுக்குள் மட்டும். "இது சார்ஜர்" என்று போனுக்குச் சொல்லும் அடையாளம் அதுதான். பழைய ஐபேட் இதற்கு மசியாது. அதற்கென்று ஒரு சாக்கெட்டை ஒதுக்கி, டேட்டா கால் ஒவ்வொன்றிலிருந்தும் பிளஸ்ஸுக்கு 43 கிலோ ஓம், மைனஸுக்கு 51 கிலோ ஓம் போட்டு, இரண்டு காலிலும் சுமார் 2.7 வோல்ட் வரச் செய்ய வேண்டும். அந்தச் சாக்கெட்டில் நடுக்கால்களைச் சேர்க்கக் கூடாது.

மீட்டரில் வோல்ட்டே 4.6, 4.7 என்று இறங்கிக் கிடக்கிறது, ஆம்பியர் ஏறி இறங்கி ஆடுகிறது. இழப்பு பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. பல்பு லோடு போட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் போர்டின் மைனஸ் வெளியீட்டிலும் மறு முனையைச் சாக்கெட்டின் மைனஸ் காலிலும் வையுங்கள். ஒரே வயரின் இரண்டு நுனிகள்தானே, பூஜ்யம் வரும் என்று தோன்றும். வராது. 0.5 சதுர மி.மீ. செம்பு வயர் 20 செ.மீ. நீளம் என்றால் 2 ஆம்பியரில் 0.015 வோல்ட் போகும். அது நியாயமான இழப்பு. 0.05க்கு மேல் காட்டினால் வயர் மெல்லிசு, அல்லது சால்டர் ஒட்டாமல் உருண்டையாக உட்கார்ந்திருக்கிறது. பிரெட்போர்டில் குத்தும் கலர் கலர் ஜம்பர் வயரை இங்கே போட்டிருந்தால் இன்னும் மோசமாக இருக்கும். பிளஸ் வயருக்கும் இதே சோதனையைச் செய்யுங்கள். ஆறு சாக்கெட்டின் மைனஸையும் ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொடுத்துக் கட்டியிருந்தால் பிரித்துவிட்டு, ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் அதன் போர்டிலிருந்தே தனி ஜோடி இழுங்கள்.

மீட்டரில் வோல்ட் 5.1 நன்றாக இருக்கிறது, ஆம்பியர் 0.8, 1 என்று பாதி வழியில் நிற்கிறது. இப்போது பெட்டிக்கு வெளியே வாருங்கள், குற்றவாளி கேபிள். மட்டமான கேபிளில் பவர் வயரும் 28 கேஜில் இருக்கும். அதில் ஒரு மீட்டர் நீளத்துக்குப் போக வர சுமார் 0.43 ஓம், 2 ஆம்பியரில் 0.85 வோல்ட் வழியிலேயே கரைந்து போனுக்குப் போய்ச் சேருவது 4.25தான். போன் அதைப் பார்த்ததும் இழுப்பைக் குறைத்துவிடும். 24 கேஜ் என்றால் இழப்பு 0.34 வோல்ட். நல்ல கேபிளின் உறையில் பொடி எழுத்தில் 28ஏடபிள்யூஜி/1பி, 24ஏடபிள்யூஜி/2சி என்று அச்சிட்டிருக்கும். முதல் எண் டேட்டா ஜோடிக்கு, இரண்டாவதுதான் பவர் வயருக்கு. எண் குறையக் குறைய வயர் தடிமன் என்பதை மறக்க வேண்டாம். மூன்று மீட்டர் கேபிளைப் படுக்கை வரை இழுத்துக்கொண்டு பெட்டியைத் திட்டுவதில் நியாயம் இல்லை.

இழப்பை ஈடுகட்டப் போர்டின் வோல்ட்டைக் கொஞ்சம் தூக்கி வைப்பது சரியே, ஆனால் 5.2க்கு மேல் போகக் கூடாது. போர்டில் உள்ள நீலத் திருகைத் திருப்பினால் முதல் பல சுற்றுக்கு ஒன்றும் நடக்காதது போலிருக்கும், அது பல சுற்றுத் திருகு. பொறுமையாகத் திருப்புங்கள். இரண்டு திருகுள்ள போர்டில் ஒன்று வோல்ட்டுக்கு, மற்றது ஆம்பியர் எல்லைக்கு. லோடு போட்டதும் வோல்ட் சரிந்து விழுகிறது, போர்டு சூடாகவும் இல்லை என்றால் அந்த இரண்டாவது திருகு குறைத்து வைக்கப்பட்டிருக்கிறது. சரி செய்த பிறகு திருகின் தலையில் நெயில் பாலிஷ் ஒரு சொட்டு விட்டால் பெட்டி அதிர்ந்தாலும் நகராது.

டைப்-சி சாக்கெட்டில் டிரிம்மர் ஏறுகிறது, போன் ஏறவில்லை

கேட்க விசித்திரமாக இருந்தாலும் இது காரணத்தை நேராகக் காட்டும் அறிகுறி. மலிவான டிரிம்மர், டார்ச், ஸ்பீக்கர் எதுவும் யார் என்ன என்று விசாரிக்காது. 5 வோல்ட் வந்தால் வாங்கிக்கொள்ளும். போன் அப்படி இல்லை. டைப்-சி சாக்கெட்டில் சிசி1, சிசி2 என்று இரண்டு கால் உண்டு. அங்கே சார்ஜரின் அடையாளம் தெரிந்தால்தான் பல போன்கள் கதவைத் திறக்கும். இரண்டு காலிலிருந்தும் பிளஸ்ஸுக்குத் தனித்தனியாக 22 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். 22 கிலோ ஓம் என்றால் "என்னால் ஒன்றரை ஆம்பியர் தர முடியும்" என்று பொருள். 10 கிலோ ஓம் போட்டால் 3 ஆம்பியர் என்று பொருள்; நம் போர்டை வைத்துக்கொண்டு அப்படி வாக்குக் கொடுக்கக் கூடாது.

ஒரு பக்கம் செருகினால் ஏறுகிறது, கேபிளைத் திருப்பிச் செருகினால் ஏறவில்லை என்றால் ஒரு சிசி காலில் மட்டும்தான் ரெசிஸ்டர் இருக்கிறது, அல்லது ஒன்றின் சால்டர் விட்டுப்போயிருக்கிறது. இரண்டு காலையும் சேர்த்துக் கட்டி ஒரே ரெசிஸ்டரில் முடித்துவிடும் குறுக்கு வழியும் வேண்டாம். சிப் வைத்த தடிமனான கேபிள்களில் அது ஏமாற்றும்.

இதற்கு நேர் எதிராக, கடையில் வாங்கிய, பிடி (பவர் டெலிவரி) என்ற ஃபாஸ்ட் சார்ஜ் போர்டைப் போட்டிருக்கிறீர்கள், போன் ஏறுகிறது, டிரிம்மர் ஏறவில்லை என்றால் குறை டிரிம்மரில். அதற்குள் இருக்க வேண்டிய 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தயாரித்தவர் மிச்சம் பிடித்திருக்கிறார். பழைய அகல சாக்கெட்டிலிருந்து டைப்-சிக்குப் போகும் கேபிளில் போட்டால் ஏறிவிடும்.

நாம் செய்த டைப்-சி சாக்கெட்டில் 5 வோல்ட் எப்போதும் இருந்துகொண்டே இருக்கும். அதனால் இரண்டு சாக்கெட்டை ஒரே கேபிளால் இணைத்துவிடாமல் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபாஸ்ட் சார்ஜ் வரவில்லை

இந்தப் பெட்டியில் வராது. 9 வோல்ட், 12 வோல்ட் கேட்டு வாங்கும் பேச்சுவார்த்தைக்கு அதற்கான சிப் வேண்டும். ஒரு போர்டை மட்டும் க்யூசி (க்விக் சார்ஜ்), பிடி போர்டாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அதுவும் வோல்ட்டை இறக்கும் போர்டுதான், ஏற்றாது. 12 வோல்ட் கொடுத்தால் 9 வரை நிம்மதியாகத் தரும். லேப்டாப் கேட்கும் 20 வோல்ட் வேண்டுமென்றால் உள்ளே 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ் வேண்டும். லேப்டாப்புக்கு மட்டும் கடைச் சார்ஜரையே வைத்துக்கொள்வதுதான் மேல்.

இரண்டு வாய் உள்ள பிடி போர்டில் இரண்டாவது போனைச் செருகியதும் முதல் போன் ஒரு கணம் அறுந்து, மறுபடி இணைந்து, மெதுவாகிவிடுகிறதா? பழுது இல்லை. இரண்டு வாய்க்கும் உள்ளே ஒரே கன்வர்ட்டர். இரண்டு பேர் வந்தால் பொதுவாக 5 வோல்ட்டுக்கு இறங்கிவிடும்.

சார்ஜ் போடும்போது திரை தானாக ஆடுகிறது. மெட்டல் விளிம்பில் விறுவிறு என்கிறது

இரண்டுக்கும் ஒரே காரணம்: எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ் உள்ளே ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் தகட்டுக்குச் சின்ன கெபாசிட்டர்கள் உண்டு. இரைச்சலை எர்த்துக்குக் கடத்துவது அவற்றின் வேலை. எர்த் வயர் இல்லாவிட்டால் தகடு இரண்டுக்கும் நடுவில், 230இன் பாதியில் மிதக்கும். டெஸ்டர் வைத்தால் எரியும். ஓடும் கரண்ட் ஒரு மில்லிஆம்பியருக்கும் கீழேதான். ஆனாலும் போன் விளிம்பில் விரலை இழுத்தால் எறும்பு ஊர்வது போலிருக்கும், டச் ஸ்கிரீன் குழம்பி தானே எதையாவது தொடும்.

மூன்று பின் பிளக், மூன்று கோர் வயர், பச்சை வயர் எர்த் டெர்மினலில். இவ்வளவும் இருந்தும் விறுவிறுப்பு போகவில்லை என்றால் சுவரில் உள்ள பாயிண்டில் எர்த் செத்திருக்கிறது. மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஏறக்குறைய 230 வர வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரண்டு வோல்ட்டுக்கு மேல் வரக் கூடாது. வந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். தண்ணீர்க் குழாயில் வயரைச் சுற்றுவது, பாயிண்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துவிடுவது இரண்டும் ஆளைக் கொல்லும் வேலை. எங்கோ ஒரு நியூட்ரல் விட்டுப்போன அன்றைக்கு உங்கள் பெட்டியின் தகடு முழு 230இல் நிற்கும்.

செருகினதும் ஆர்சிசிபி விழுகிறது

ஆர்சிசிபி என்பது கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் தானே விழும் சுவிட்ச். நியூட்ரலும் எர்த்தும் டெர்மினலில் இடம் மாறியிருக்கும். பழைய வயரில் கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். புது ஃப்ளெக்ஸிபிளில் நீலம் நியூட்ரல், பச்சையில் மஞ்சள் கோடு எர்த். இரண்டையும் கலந்து நீட்டியிருந்தால் தவறுவது சுலபம். ஆர்சிசிபி இல்லாத வீட்டில் இதே தவறோடு பெட்டி சமர்த்தாக ஓடிக்கொண்டிருக்கும் என்பதுதான் ஆபத்து. நிறம் சரியாக இருந்தால், வயர் பெட்டிக்குள் நுழையும் ஓட்டையில் நசுங்கி உறை கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஓட்டைக்குக் கேபிள் கிளாண்ட் போட்டிருந்தால் இந்தப் பிரச்சினையே வராது.

பெட்டி சூடாகிறது, வாடை வருகிறது

முழு லோடில் எஸ்எம்பிஎஸ்ஸும் போர்டுகளும் சேர்ந்து சுமார் 20 வாட்டைச் சூடாக வெளியே விடும். ஒரு சால்டரிங் அயனை ஆன் செய்து மரப்பெட்டிக்குள் போட்டு மூடியது போல. அடியில் எட்டு, மேல் விளிம்பில் எட்டு என்று 12 மி.மீ. ஓட்டைகள் போட்டு, நாலு மூலையிலும் ரப்பர் புஷ் வைத்துத் தரையிலிருந்து தூக்கி நிறுத்துங்கள். ஓட்டைகளுக்கு உள்பக்கம் கம்பி வலை கட்டாயம். கதகதப்பைத் தேடி வரும் பல்லி எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் போனால் அதுவும் போகும், எஸ்எம்பிஎஸ்ஸும் போகும். பிளாஸ்டிக் டிபன் டப்பாவில் இந்தச் சாமான்களை அடைக்கவே வேண்டாம்.

பெட்டி முழுக்க இல்லாமல் ஒரே இடம் மட்டும் சூடாகிறது, அங்கே வயரின் உறை பழுத்திருக்கிறது என்றால் லூஸ் கனெக்ஷன். குறிப்பாக, பிரிபிரியான வயர் நுனிக்கு ஈயம் பூசித் திருகு டெர்மினலில் முடுக்கியிருந்தால், நாளாக ஆக ஈயம் அமுங்கித் திருகு தானாகத் தளரும். ஈயம் பூசாமல் பின் லக் (வயர் நுனியில் மாட்டும் சின்ன உலோகக் குழல்) வைத்து நசுக்கி முடுக்குங்கள்.

சாக்கெட்டில் 5 வோல்ட்டுக்குப் பதில் 12 வோல்ட் வருகிறது

போர்டில் உள்ள சிப் ஷார்ட் ஆகிவிட்டால் 12 வோல்ட் அப்படியே சாக்கெட்டுக்கு வந்துவிடும். சிப் காலின் சால்டர் விட்டாலும், திருகு கெட்டாலும் இதே கதைதான். போனுக்கு நேரப்போவதை முன்கூட்டி எந்த அறிகுறியும் சொல்லாது. ஆகவே தடுப்பு மட்டும்தான் வழி. ஒவ்வொரு போர்டின் 12 வோல்ட் உள்வாயிலும் 2 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று. 5 வோல்ட் வெளிவாயில், பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் குறுக்கே 6.2 வோல்ட் 5 வாட் ஜீனர் டயோடு ஒன்று, அதாவது 1என்5341. கோடு உள்ள முனை பிளஸ் பக்கம். சாதாரண நேரத்தில் உள்வாயில் ஒரு ஆம்பியர் அளவில்தான் போகும் என்பதால் ஃபியூஸ் தாங்கும். 12 வோல்ட் பாய்ந்தால் ஜீனர் அதைக் குறுக்கே வாங்கிக்கொண்டு ஃபியூஸை எரிக்கும். பெரும்பாலும் ஜீனரும் அதோடு போய்விடும், போகட்டும்.

ஃபியூஸ் எரிந்த போர்டுக்கு வெறும் ஃபியூஸை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டாதீர்கள். போர்டையும் ஜீனரையும் சேர்த்து மாற்றி, இரண்டு பல்பையும் அரை மணி நேரம் எரியவிட்டு, வோல்ட் 5.1 பக்கத்திலேயே நிற்கிறதா என்று பார்த்த பிறகு போனைச் செருகுங்கள்.